சம்பியன் ஹில் திடலில் ஒரு சனிக்கிழமை

தெற்கு லண்டனில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தும், உதைபந்தாட்டத்தை நான் பெரும்பாலும் தொலைக்காட்சியிலேயே பார்த்து வந்தேன். பிரிமியர் லீக் போட்டி ஒன்றுக்குக் குடும்பமாகப் போவதென்றால் முதலில் கழக உறுப்பினராக வேண்டும். அதன் பிறகும் சீட்டுக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கிடைத்தாலும், வீரர்களின் முகத்தைத் திடலில் வைத்திருக்கும் பெருந்திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தச் சலிப்பில் இருந்தபோதுதான், மகனின் நச்சரிப்புத் தாங்காமல், ஒரு சனிக்கிழமை பிற்பகல் டலிச் ஹாம்லெட் கழகத்தின் சம்பியன் ஹில் திடலுக்குப் போனோம். அதன் பிறகு நான்கு முறை போய்விட்டதால், இதனை ஒரு நாள் அனுபவமாக அல்லாமல் ஓரளவு பழகியவனின் மதிப்பீடாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் மேல் நான்கு பிரிவுகளில் 92 கழகங்கள் உள்ளன. அவற்றுக்குக் கீழே உள்ள அனைத்தையும் ‘நொன்-லீக்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். டலிச் ஹாம்லெட் 2023இல் ஒரு படி இறங்கி, இப்போது ஏழாம் படியான இஸ்மியன் லீக்கின் பிரிமியர் பிரிவில் ஆடுகிறது. இந்தப் படியில் வீரர்கள் பெரும்பாலும் பகுதிநேரமாக ஆடுபவர்கள். வார நாட்களில் வேறு வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, சனியன்று ஆட்டம் என்பதே அவர்களில் பலரது வாழ்க்கை.

போய்ச் சேருவது எளிது. லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஈஸ்ட் டலிச் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து சில நிமிட நடைதான். ஆனால் முதன்முறை போகிறவர்கள் வழி தவறிவிட்டதாக நினைக்கக்கூடும், ஏனெனில் கண்ணில் முதலில் படுவது ஒரு பெரிய செயின்ஸ்பரீஸ் அங்காடியும் அதன் வாகனத் தரிப்பிடமும் மட்டுமே. சாமான் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த கழுத்துத் துண்டு அணிந்தவர்களைத் தேடிப் பின்தொடர்வதே நல்ல வழி. அந்த இரு நிறங்கள்தான் கழகத்தின் நிறங்கள்.

திடலுக்குப் போகும் சிறிய தெருவின் பெயர்ப்பலகையில் ‘எட்கர் கெய்ல் வே’ என்று இருக்கும். எட்கர் கெய்ல் 1920களில் இந்தக் கழகத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர். ஊதியம் பெறும் ஆட்டக்காரராக மாற மறுத்து, கடைசிவரை இங்கேயே ஆடியவர். 1929 மே மாதத்தில் இங்கிலாந்து தேசிய அணிக்காகப் பிரான்சுக்கு எதிராகக் களமிறங்கி, முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் போட்டார். அவர் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இன்று இங்கே இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் ஒவ்வொரு போட்டியிலும் அவர் பெயரைச் சொல்லிப் பாடுகிறது. முதல் நாள் அது இப்போது ஆடும் ஏதோ ஓர் இளைஞரின் பெயர் என்று நினைத்து, ஆட்டக்காரர் பட்டியலில் அரை நேரம் வரை தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போதுள்ள அரங்கம் 1992இல் திறக்கப்பட்டது. சுமார் 3,000 பேர் கொள்ளும். பழைய சம்பியன் ஹில் இதைப்போலப் பல மடங்கு கூட்டத்தைத் தாங்கியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தென்கொரியா மெக்சிக்கோவை 5-3 என்று வென்றது இங்கேதான். அந்தப் பெரிய அரங்கத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இப்போதிருக்கும் ஒரேயொரு இருக்கை மேடையும், மூன்று பக்கமும் தாழ்வான கொங்கிரீட் படிகளும் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. இடுப்பளவு உயரக் கம்பியில் சாய்ந்து நின்றால் பக்கக் கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பந்தை எறிய வரும் வீரரின் மூச்சிரைப்பு காதில் விழும். பந்தை உதைக்கும் ஒலியும் முழங்கால் மோதும் ஒலியும் வெவ்வேறாகக் கேட்கும். இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான், ஏழாம் படி ஆட்டம் கூட எவ்வளவு வேகமானது என்பது எனக்கு விளங்கியது.

நான் மிகவும் விரும்பியது கோலுக்குப் பின்னுள்ள படிகளைத்தான். தம் அணி எந்தப் பக்கம் தாக்குகிறதோ அந்தப் பக்கமே ரசிகர்கள் நிற்கிறார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது கூட்டமும் முரசு, பதாகை, குழந்தை வண்டி சகிதம் திடலைச் சுற்றி மறுபக்கம் போகிறது. பார்வையாளரை இருக்கை எண்ணோடு கட்டிப்போடாத திடல்களில் மட்டும் நடக்கக்கூடிய விடயம் இது. நாங்கள் முதலில் போன நாளில், கூட்டத்துக்குச் சில அடி தூரத்தில் நின்ற எதிரணிக் கோல்காப்பாளரை அவருடைய மஞ்சள் சப்பாத்தைச் சொல்லி நாற்பது நிமிடம் கேலி செய்தார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. பிறகு ஒரு முனை உதையைப் பாய்ந்து பிடித்தவர், எழுந்து, ஒற்றைக் காலைத் தூக்கிச் சப்பாத்தைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டுப் பந்தை உதைத்தார். மொத்தக் கூட்டமும் கைதட்டியது. இனவெறிக்கும் ஒருபாலின ஈர்ப்பாளர் மீதான வெறுப்புக்கும் இங்கே இடமில்லை என்பதை ரசிகர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பத்து வயது மகனோடு நின்ற எனக்கு அங்கு ஒரு முறையும் சங்கடம் ஏற்படவில்லை. கெட்ட வார்த்தையே காதில் விழாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உயர் பிரிவுகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் நின்று மது அருந்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஏழாம் படி ஆட்டங்களுக்கு அது பொருந்தாததால், பலரும் பிளாஸ்டிக் குவளையில் பியரோடு நின்றபடி ஆட்டம் பார்க்கிறார்கள். நான் குடிப்பதில்லை, வினிகர் ஊற்றிய சிப்ஸும் தேநீரும் எனக்குப் போதும். இடைவேளை ஊதிய பிறகு உணவுக்கு வரிசையில் நின்றால் இரண்டாம் பாதியின் தொடக்கம் போய்விடும் என்பதால், நாற்பதாவது நிமிடத்திலேயே போய்விடுவது புத்திசாலித்தனம்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீண்ட உதைகள் அதிகம், மூன்றாவது பாஸில் பந்து பறிபோவது வழக்கம், மழைக்காலத்தில் நுட்பத்தைவிட உடல்வலுவே பேசும். தாழ்வான படியிலிருந்து பார்ப்பதால் மறுகோடியில் நடப்பது சரியாகத் தெரியாது; கோல் விழுந்ததை அந்தப் பக்கத்துக் கூச்சலை வைத்தே அறிய வேண்டிவரும். மீள்காட்சித் திரையும் இல்லை, வீடியோ நடுவரும் இல்லை. இதில் எனக்கு நிம்மதிதான்: கொடி உயரவில்லை என்றால் கோல், உடனே கத்தலாம்.

2018 மார்ச்சில் நிலத்துக்கு உரிமையுடைய கட்டுமான நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராறால் கழகம் இந்தத் திடலை விட்டு வெளியேற்றப்பட்டது. நிறுவனத் தரப்பினர் கழகத்தின் பெயரையே வணிகக் குறியீடாகப் பதிவு செய்துகொண்டு, இனி கழகம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவித்தார்கள். டூட்டிங் அண்ட் மிச்சம் கழகத்தின் திடலில் ஒதுங்கி ஆடிய நிலையிலும் அந்தப் பருவத்திலேயே அணி ஒரு படி உயர்ந்தது. டிசம்பரில் சொந்த இடத்துக்குத் திரும்பியது. சீட்டு வாங்கும்போது வாசலில் நிற்கும் தொண்டர் “வந்ததற்கு நன்றி” என்று சொல்வது வெறும் உபசாரம் இல்லை என்பது இதை அறிந்த பிறகே எனக்குப் புரிந்தது. எல்லாச் சிறிய கழகங்களும் இப்படி வரவேற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வேறொரு ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு திடலில், கைபேசியில் வைத்திருந்த சீட்டை வாசலில் படிக்க முடியாமல், கொட்டும் மழையில் இருபது நிமிடம் நின்றிருக்கிறோம்.

சீட்டின் விலை பெரிய கழகங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. ஆயினும் வெயில் நாட்களில் இங்கே இரண்டாயிரத்துக்கு மேல் கூட்டம் வருவதால், முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். சனி மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரைக்காவது உள்ளே இருந்தால் கம்பியோரத்தில் இடம் கிடைக்கும். பெண்கள் அணியின் ஆட்டங்களும் இதே திடலில் நடக்கின்றன. கூட்ட நெரிசல் பிடிக்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். நவம்பருக்குப் பிறகு போகிறவர்கள் மேலங்கியைவிடக் காலுறையில் கவனம் வையுங்கள். கொங்கிரீட் படியிலிருந்து ஏறும் குளிர் சப்பாத்துக்குள்தான் முதலில் நுழைகிறது.