மணித்தியாலத்துக்கு 800 ரூபாய்: ஓர் உள்ளக பட்மின்டன் அரங்கும் பல்கலைக்கழகக் கட்டடக் கணக்கும்

மட்டக்களப்பு நகரை அடுத்து, மணித்தியாலக் கட்டணத்துக்கு விடப்படும் இந்தச் சிறிய உள்ளக அரங்கில் கடந்த ஐப்பசி மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் விளையாடி வருகிறேன். இரண்டு ஆடுகளங்கள், தகரக் கூரை, பச்சை நிறச் செயற்கை விரிப்பு ஆகியவற்றைத் தவிர வேறு ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் விளக்குகளை ஆடுகளத்துக்கு நேர் மேலே தொங்கவிடாமல் இரு பக்கங்களிலும் பொருத்தியிருப்பதால், உயரத்தில் வரும் பந்தை அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசுவதில்லை. விளையாட்டை அறிந்த ஒருவர் கட்டிய இடம் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கட்டணம் 800 ரூபாய். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 200. காற்றடித்தால் பந்து திசைமாறும் என்பதால் மின்விசிறி போடுவதில்லை, ஆகவே பங்குனி வெயிலில் உள்ளே புழுக்கம் தாங்க முடியாது. கழிவறை ஒன்றுதான், அதுவும் போதிய சுத்தமில்லை. கடற்காற்றின் உப்பில் கூரை ஆணிகள் துருப்பிடித்து, கார்த்திகை மழையில் இரண்டாவது ஆடுகளத்தின் மூலையில் நீர் சொட்டியது. ஆயினும் உரிமையாளர் அந்தக் கிழமைக்குள்ளேயே ஆணிகளை மாற்றுவித்தார், ஏனெனில் ஆடுகளம் மூடிக்கிடக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கு இழப்பு.

அந்த அவசரம் நான் படித்த, வேறொரு மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கவில்லை. பல மடங்கு செலவில் எழுப்பிய அதன் உள்ளக அரங்கு, அணிகளின் பயிற்சிக் காலம் தவிர்ந்த நாட்களில் பூட்டப்பட்டே கிடந்தது. கூரை ஒழுகத் தொடங்கியபோது, கட்டுவதற்கு ஒதுக்கிய பணம் வேறு, பராமரிப்புக்கான பணம் வேறு என்ற விளக்கமே எங்களுக்குக் கிடைத்தது.

விரிவுரையாளரான என் மச்சானும் நானும் பல்கலைக்கழகப் பணத்தை விளையாட்டு அரங்குக்குச் செலவிடுவதா, விரிவுரை மண்டபத்துக்குச் செலவிடுவதா என்று இந்த அரங்கின் வாங்கிலிருந்தே பலமுறை வாதிட்டிருக்கிறோம். இரட்டையர் ஆடுகளம் 13.4 மீற்றர் நீளமும் 6.1 மீற்றர் அகலமும் கொண்டது, அதாவது 80 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். அந்த இடத்தில் நால்வர் ஓடுவதைவிட ஒரு வகுப்பு மாணவர்கள் இருந்து படிப்பதே பொதுப்பணத்துக்கு நியாயம் என்பது அவருடைய வாதம். ஆய்வுகூடத்துக்கான கருவிகள் முதலில் வரவேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வெறுமையாகிவிடும் விரிவுரை மண்டபங்களுக்கு அருகே இன்னுமொரு மண்டபத்தை எழுப்புவதை எப்படி நியாயப்படுத்துவது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் ஏற்கெனவே இருந்த மத்திய கல்லூரி வளவில்தான் தொடங்கியது. 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இருக்கும் கட்டடத்தை முழுமையாகப் பயன்படுத்தும் வழக்கம் நமக்குப் புதியதல்ல.

பெரும் பணம் செலவிட்டு விளையாட்டரங்கு எழுப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இங்கே உதாரணமாகக் கொண்டுவருவது எனக்கு உடன்பாடில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் கைல் ஃபீல்ட் என்ற தன் அமெரிக்கக் கால்பந்து அரங்கை 2015 இல் புதுப்பித்து முடித்தபோது 45 கோடி டொலருக்கு மேல் செலவாகியது. ஆனால் அங்கே ஒரு இலட்சம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறார்கள், தொலைக்காட்சிப் பணமும் நன்கொடையும் சேர்கின்றன. நம் அரச பல்கலைக்கழகங்களின் செலவைப் பெரும்பாலும் திறைசேரியே சுமப்பதால், பார்வையாளர் மேடைக்குப் போடும் காசு திரும்பி வருவதில்லை. நமக்கு வேண்டியது மேடையல்ல, மழைக்கு ஒதுங்கி விளையாட ஒரு தளம். ஐப்பசி தொடக்கம் தை வரை மைதானங்கள் சேறாகிக் கிடக்கும் கிழக்கு மாகாணத்தில், தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தைக்கூட மாணவர்கள் மாதக்கணக்கில் தொட முடிவதில்லை. இந்த அரங்கைப் போன்ற எளிய கொட்டகை ஒன்றை, விடுதி மாணவிகளும் தயக்கமின்றி வந்துபோகும் வகையில் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை திறந்து வைத்தால், அது எந்த விரிவுரை மண்டபத்துக்கும் குறைந்த முதலீடல்ல என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே வர விரும்புவோர் தரையில் கறை பதிக்காத அடியுள்ள சப்பாத்தைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். மழைக்காலத்தில் மாலை ஐந்து முதல் எட்டு வரையான நேரம் பல நாட்களுக்கு முன்பே நிரம்பிவிடுகிறது. மாணவர்களுக்கு வார நாட்களின் காலை வேளையே வசதி.