கறுப்பு அட்டை நோட்டும் காவல் நிலையமும்: எங்கள் சமூகக் காவல் மன்றம் பற்றி ஒரு மதிப்பீடு

டர்பன் நகரின் இந்தியக் குடியிருப்பு ஒன்றில் உள்ள எங்கள் காவல் நிலையத்தின் சமூகக் காவல் மன்றத்துக்கு நான் முதன்முதலில் போனது பொதுநல ஆர்வத்தால் அன்று. என் மைத்துனர் வீட்டில் திருட்டு நடந்து ஏழு வாரமாகியும் துப்பறியும் அதிகாரி ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. புகார் கொடுத்த அன்றே கேஸ் நம்பர் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த எண் போதும். மைத்துனருக்கு அது போதவில்லை, ஏனென்றால் போனவற்றுள் அவருடைய தாயாரின் தாலிச் சங்கிலியும் ஒன்று. நிலையத்தில் புகார் வாங்கும் சார்ஜ் ஆபீசுக்குத் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் டாக்கெட் என்னும் வழக்குக் கோப்பு அதிகாரியிடம் இருக்கிறது, அதிகாரி வெளியே போயிருக்கிறார் என்ற ஒரே பதில். இதைக் கேட்ட, கோயிலில் எங்களுடன் பூக்கட்டும் ஓர் அக்கா, "மாதக் கூட்டத்துக்கு வாங்க அண்ணா, அங்க கேட்டா பதில் சொல்லியே ஆகணும்" என்றார். அதன் பிறகு நடந்த பன்னிரண்டு கூட்டங்களில் ஒன்பதுக்குப் போயிருக்கிறேன். ஊதியமில்லாத தொண்டர்கள் நடத்தும் இந்தச் சேவையை ஓராண்டு பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மன்றம் என்பது ஊர்ப் பெரியவர்கள் தாமாகக் கூடிய சங்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1993-ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் காவல் பணிச் சட்டம், ஒவ்வொரு நிலையத்திலும் அப்பகுதி மக்களைப் பரவலாகப் பிரதிநிதித்துவம் செய்யும் மன்றம் ஒன்றை அமைக்கும் பொறுப்பை மாகாணக் காவல் ஆணையரிடம் ஒப்படைத்தது. காவலர்க்கும் மக்களுக்கும் இடையே உறவை வளர்ப்பது, சேவையை மேம்படுத்துவது ஆகியவற்றோடு, காவல் துறையின் வெளிப்படைத்தன்மையையும் பொறுப்புக்கூறலையும் மேம்படுத்துவதும் மன்றத்தின் நோக்கம் என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் நிலையத் தலைவரையும் அவர் நியமிக்கும் காவலர்களையும் மன்றத்தின் உறுப்பினர்கள் ஆக்குகிறது. ஆகவே கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்கிறார்கள். இந்த அமைப்பின் பலம், பலவீனம் இரண்டும் அந்த மேசையில்தான் இருக்கின்றன.

கூட்டம் மாலை ஆறு மணிக்கு நூலக அரங்கில் தொடங்குகிறது. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும். பொருளாளர் பேருந்து வைத்திருந்தவர். செயலாளர், துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த ஓர் அம்மையார். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அவருடைய கறுப்பு அட்டை நோட்டுக்கே உரியது. நான் என் மைத்துனரின் கேஸ் நம்பரைச் சொன்னதும் அதைத் தேதியுடன் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் இடத்தைக் காலியாக விட்டார். அது காவல் துறையின் பதிலுக்கான இடம். பதில் வராதவரை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அந்த வரி உரக்க வாசிக்கப்படுகிறது, பிறகு அதற்கடுத்த கூட்டத்திலும். கைகட்டி நின்று கெஞ்சிப் பெறாத பதிலை, நாற்பது பேர் முன்னிலையில் ஒரு வரி வாசிக்கப்படுவதால் பெற்றுவிடலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு வந்த காவல் துறைக் கேப்டன் கையில் ஒரு தாளுடன் வந்தார். கேஸை வைத்திருந்த அதிகாரி இடமாற்றலாகிவிட்டார் என்றும், டாக்கெட் எவருக்கும் ஒப்படைக்கப்படாமல் கிடந்தது என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஒன்பது நாளில் புதிய அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார், பொறுமையாக விசாரித்தார். அதற்குள் எதிர்வீட்டுக் கேமராவின் பதிவு தானாகவே அழிந்து, அதன்மேல் புதிய பதிவுகள் ஏறிவிட்டன. மன்றத்தால் ஓர் அதிகாரியை வரவழைக்க முடிந்தது. போன வாரங்களைத் திருப்பித் தர முடியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அதே நோட்டு சாதித்தது. குடும்ப வன்முறைக்கும் பாலியல் குற்றத்துக்கும் ஆளானவர்கள் தனிமையில் பேசுவதற்கென்று நிலையத்தில் ஓர் அறை உண்டு. எங்கள் நிலையத்தில் அதில் பழைய கோப்புப் பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. கணவனிடம் அடிபட்டு வந்த பெண்கள் சார்ஜ் ஆபீசின் மேசைக்கு முன்னால், ஓட்டுநர் உரிமத்தின் நகலுக்கு முத்திரை வாங்க வந்தவர்கள் காதுபட, நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, புகார் கொடுப்பவரின் உரிமைகளை விளக்குவதும், தங்குமிடமும் மருத்துவ உதவியும் பெறத் துணை நிற்பதும் காவலரின் கடமை. மேசைக்கு முன்னால் நின்று அவற்றை எப்படிச் செய்வது? தொண்டர்களில் ஓர் இளம்பெண் இதை நான்கு கூட்டங்களில் தொடர்ந்து எழுப்பினார். மூன்றாம் முறை தலைவரே சலித்துக்கொண்டார். ஐந்தாம் கூட்டத்துக்கு முன் பெட்டிகள் போய்விட்டன. ஒரு சோபாவும் வந்திருந்தது, அது கோயில் குழு கொடுத்தது.

அந்தச் சோபாவைப் பார்த்து மகிழ்ந்த எனக்கே பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. காவல் நிலையத்துக்குத் தேவையானதை நாம் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினால், அவர்களைக் கேள்வி கேட்க எத்தனை நாள் துணிவு இருக்கும்? எங்கள் மன்றத்தின் பெருங்குறை இதுதான். ஒன்பது கூட்டங்களில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி இரவு ரோந்து, ரேடியோ, டார்ச் விளக்கு, ரோந்து வண்டிக்கான பெட்ரோல் ஆகியவற்றைப் பற்றியதே. காவலர் தாமதமாக வந்தால் ஏன் தாமதம் என்று கேட்பதை விட்டு, அவர்கள் வரும்வரை நாம் என்ன செய்யலாம் என்று பேசுகிறோம். கண்காணிக்க அமர்ந்தவர்கள் மெல்ல மெல்லக் கையாட்களாகி விடுகிறார்கள். இதில் அவர்கள் குற்றம் மட்டுமே உள்ளது என்று சொல்ல மாட்டேன். பயந்திருக்கும் தெருவுக்குப் பொறுப்புக்கூறல் என்ற சொல்லைவிட டார்ச் விளக்கு சீக்கிரம் புரிகிறது.

கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தை இங்கே வாழ்ந்து பார்த்த எவரும் இதைச் சிறு விஷயமாக எண்ண முடியாது. காவலர் கண்ணில் படாத அந்நாட்களில் குடியிருப்புகளின் வாயில்களில் தடுப்புகள் எழுந்தன. பயத்தில் நின்றவர்களும் இருந்தார்கள், வெறியில் நின்றவர்களும் இருந்தார்கள். டர்பனில் இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதற்குப் பிறகும் எங்கள் மன்றத்தின் வாட்ஸ்ஆப் குழுவில், வேலைக்கு நடந்து போகும் இளைஞர்களின் படங்கள் 'சந்தேகத்துக்குரியவர்' என்ற குறிப்புடன் வருகின்றன. செயலாளர் அம்மையார் ஒருமுறை கண்டித்தார்; இரண்டு நாள் நின்று மறுபடியும் தொடங்கிவிட்டது. மேட்டுக்கு அப்பால் தகரக் குடிசைகளில் வாழும் ஜூலு மொழி பேசும் குடும்பங்களும் இதே நிலையத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. கூட்டத்துக்கு அங்கிருந்து வருபவர் இருவர் அல்லது மூவர். பேச்சு முழுவதும் ஆங்கிலம். சென்ற மார்ச்சில் அவர்களில் ஒருவர் ஜூலுவில் எழுந்து பேசியபோது மொழிபெயர்க்க ஆள் இல்லாமல், தம்மீதே புகார் வரக்கூடிய காவலர் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்தார்கள்.

எதை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காவலர் அடித்தார், சித்திரவதை செய்தார், லஞ்சம் கேட்டார், காவலில் ஒருவர் இறந்தார் என்றால் மன்றத்தில் எழுந்து பேசிப் பயனில்லை, சில வேளைகளில் ஆபத்தும்கூட. ஏனென்றால் நிலையத் தலைவர் உங்கள் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார். அவற்றை விசாரிப்பது 2012 ஏப்ரலில் தொடங்கிய சுயாதீனக் காவல் புலனாய்வு இயக்குநரகம். ஐபிட் என்றால் எல்லோருக்கும் தெரியும். காவலில் மரணம் நேர்ந்தால் நிலையத் தலைவர் உடனே அதற்குத் தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். இந்த ஊரில் அதன் அருமை தெரிந்தவர்கள் உண்டு: 1977 ஆகஸ்டில் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் இறந்து கிடந்த இளம் பல் மருத்துவர் ஹூசேன் ஹாஃபிஜியின் மரணம் தற்கொலை என்று எழுதிய தீர்ப்பு, 2023-இல்தான் மாற்றப்பட்டது. எங்கள் மன்றத் தலைவர் இத்தகைய புகார் எழுந்தால் உடனே நிறுத்தி, ஐபிட்டின் படிவத்தை எடுத்துக் கொடுக்கிறார். இதற்கு அவருக்கு முழு மதிப்பெண்.

தொண்டர்களுக்குச் சம்பளமில்லை, அது சட்டத்திலேயே உள்ளது. பெட்ரோலும் அவர்களுடையது. அந்த அறைக்காகப் போராடிய இளம்பெண், அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் பாதுகாப்பு ஆணை வாங்கப் போன மறுநாள், அந்தக் கணவனின் கார் இவருடைய வாசலில் ஒரு மணி நேரம் நின்றது. மன்றத்தில் அதைச் சொன்னார், நோட்டில் ஏறியது, ரோந்து வண்டி இரண்டு இரவு வந்தது. இவ்வாண்டு மன்றத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. தேர்வாகி வந்திருப்பவர்கள் எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள்.

ஐந்துக்கு மூன்று தருவேன். கிடப்பில் போன கேஸ், அதிகாரி மாற்றம், நிலையத்தில் நடத்தும் விதம் ஆகியவற்றுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கேஸ் நம்பரை இரண்டு தாள்களில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்து, மற்றொன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் போனால் வடையும் கிடைக்கும்.

மார்ச்சில் எழுதிய 'ஜூலு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்ற வரிக்கு எதிரே இன்னும் காலி இடம்தான். என் மைத்துனரின் வரியும் மூடப்படவில்லை. அம்மையார் மாதந்தோறும் இரண்டையும் வாசிக்கிறார். மைத்துனர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வாசிக்கும்போது கையுயர்த்துவது இப்போது நான்தான்.