தேதி போட்ட திட்டமா, வரிசை மட்டும் போட்ட திட்டமா?

சின்னக் குழந்தைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தரப் போகிறவர்கள், புது ஆண்டு தொடங்கும் முன் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றுதான் அதிகம் குழம்புகிறார்கள். வாங்கியதை ஆண்டு முழுக்க எப்படிப் பிரிப்பது என்பதற்குத்தான் நான் இன்னும் நேரம் கொடுப்பேன். இதில் இரண்டு வழிகளையும் முழுசாகச் செய்து பார்த்திருக்கிறேன், மகளுக்கு 5 வயதில் ஒன்று, 6 வயதில் மற்றொன்று.

முதல் வழி தேதி போடுவது. வாரம் 5 நாள், 36 வாரம், மொத்தம் 180 நாள். 36 ஃபைல் எடுத்து ஒவ்வொன்றிலும் அந்த வாரத்து ஒர்க்‌ஷீட், கணக்குப் பக்கம், வாசிக்க வேண்டிய கதையின் பெயர், வெட்டி ஒட்டும் வேலை எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவது. இதில் பெரிய நன்மை உண்டு. திங்கட்கிழமை காலையில் தூக்கம் கலையாமல் எழுந்து வந்தாலும், இன்றைக்கு என்ன என்று தேட வேண்டாம். கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில், வேலைக்கும் போகிற பெற்றோருக்கு, அது சாதாரண உதவி இல்லை. ஆண்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கும் ஊரில் இந்த வேலையில் பாதியை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

ஆனால் குழந்தை நம் தேதிப்படி வளர்வதில்லை. இரண்டாவது வாரமே மகளுக்குக் காய்ச்சல், 4 நாள் போனது. அப்புறம் கூட்டல் அவளுக்கு நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது, எழுத்துக் கூட்டிப் படிப்பதோ நகரவே இல்லை. ஆறாவது வாரத்தில் கணக்கு எட்டாவது ஃபைலில் இருந்தது, வாசிப்பு மூன்றாவதில் நின்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் தாள்களை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே எனக்கு வேலையாகிப் போனது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், 'பின்தங்கிவிட்டோம்' என்ற எண்ணம்தான் கெடுதல். நானே எழுதிய ஒரு தாளுக்குப் பின்னால்தான் அவள் இருந்தாள், வேறு யாருக்கும் இல்லை. அந்தப் பதற்றத்தில் அவளை அவசரப்படுத்திய நாட்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அடுத்த ஆண்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எதற்குப் பின் எது என்று இருக்கும், தேதி இருக்காது. நிறுத்திய பக்கத்தில் ஒரு கிளிப், நாளைக்கு அங்கிருந்து. வாசிப்பும் எண்ணும் தினமும் உண்டு. ஓவியம், பாட்டு, செடி கொடி பார்ப்பது, சின்னச் சோதனைகள் இவற்றைச் சுழற்சியில் விட்டேன். இன்று பாட்டு விட்டுப் போனால் நாளைக்கு முதலில் பாட்டு. கிழமை வாரியாகப் போடும் டைம்டேபிளில் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிய பாடம்தான் அடிக்கடி பலியாகும், சுழற்சியில் எந்தப் பாடத்துக்கும் அந்தக் கதி இல்லை.

இதற்கும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். இழுத்துக்கொண்டே போகலாம், கேட்க ஆள் இல்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பேன். செய்து முடித்ததை அன்றன்று இரண்டு வரி ஒரு நோட்டில் எழுதுவேன், வருகைக் கணக்கு கேட்டால் அதுவே போதும் என்கிற இடங்களும் உண்டு. உங்களிடம் இருப்பது வாரம் 1, வாரம் 2 என்று அச்சிட்டு வரும் தயார் பாடத்திட்டம் என்றாலும் கவலை இல்லை, அந்த எண்களை வெறும் வரிசை எண்ணாக எடுத்துக்கொண்டால் சரி.

சுழற்சிக்குப் போட்டியாக இன்னொரு முறையும் இருக்கிறது. ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டெய்னரின் வழிகாட்டலில் 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளியின் வழி வந்தவர்கள், ஒரே பாடத்தை 3, 4 வாரம் தொடர்ந்து எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். கதைக்கும் இயற்கைக்கும் இது அருமை, குழந்தை ஒன்றில் ஊறிப் போய்விடும். ஆனால் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிற குழந்தைக்கு வாசிப்பை மூன்று வாரம் நிறுத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியை ஒரே மூச்சில் செய்வதைவிட நாட்களில் பரப்பினால் நினைவில் நிற்கும் என்று 1885-லேயே நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார், என் மகளிடமும் அதைத்தான் பார்த்தேன். எந்த முறையானாலும் ஒரு பாடம் 15, 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலேயக் கல்வியாளர் ஷார்லட் மேசன் சொன்ன அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, கடிகாரம் பார்த்து 9 மணி, 9.20 என்று நடத்துவதைவிட 'சாப்பிட்டதும் வாசிப்பு, விளையாடி வந்ததும் எண்' என்று சொன்னால் குழந்தைக்கும் புரிகிறது, ஒரு நாள் தாமதமானாலும் எதுவும் சரிவதில்லை.

பாடச் சாமான்களை அலமாரியில் பூட்டி வைப்பதா, அவள் கைக்கு எட்டும் தட்டில் வைப்பதா? 1907-ல் ரோமில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியிலேயே இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிள்ளைகள் தாங்களே எடுத்துத் தாங்களே திருப்பி வைக்க இடம் கொடுத்தார். நானும் தாழ்ந்த தட்டுதான் வைத்தேன். எல்லாவற்றையும் பரப்பவில்லை, ஒரு சமயத்தில் ஆறேழு பொருள், தூசி படிந்ததை எடுத்துவிட்டு வேறொன்று. பெயின்ட், கத்தரிக்கோல் மட்டும் மேல்தட்டில்.

கடைசியாக, முதல் நாளே எல்லாப் பாடமும் தொடங்குவதா, மெல்லச் சேர்ப்பதா என்பது. முதல் ஆண்டு ஒரே நாளில் ஏழு பாடம் எடுத்தேன், மூன்றாவது நாளே மேசைக்கு வர மாட்டேன் என்று அழுதாள். அடுத்த ஆண்டு முதல் வாரம் சேர்ந்து கதை வாசிப்பது மட்டும், இரண்டாம் வாரம் எண், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஐந்தாவது வாரத்தில் ஓவியத்துக்கு வந்தபோது, அவளே தட்டிலிருந்து தாளை எடுத்து வந்து உட்கார்ந்திருந்தாள்.