பாம்பு கடித்தால் முதலில் இங்கே போங்கள்: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்

செஞ்சிப் பக்கம் இருக்கிறது எங்கள் கிராமம். போன மாசியில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவைக் கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. மும்முனை கரண்டு ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தானே மோட்டார் போட முடியும். டார்ச் வெளிச்சத்தில் அவரே பார்த்துச் சொன்னார், கண்ணாடி விரியன்.

பெரியப்பா மந்திரிக்கிறவரிடம் போகலாம் என்றார், தம்பி டவுனுக்குப் போகலாம் என்றான். சில வருடம் முன்பு எங்கள் அத்தையை அப்படித்தான் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக் கொண்டுபோனோம், இரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டு மருந்து இல்லை என்று அனுப்பினார்கள், அதற்குள் சிறுநீரகம் பழுதாகி அவர் டயாலிசிஸ் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அந்த நினைப்பில்தான் நான் யார் பேச்சையும் கேட்காமல் அப்பாவை வண்டியில் நடுவில் உட்கார வைத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே ஓட்டினேன்.

ராத்திரி டூட்டியில் ஒரே ஒரு நர்ஸ். பார்த்ததும் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, அப்பாவிடமிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்றார். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், தெரிந்த ஆள் இருந்தால் போதும். காலில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டைப் பார்த்து, இனிமேல் யாரும் கட்டாதீர்கள், காலை ஆட்டாமல் கொண்டுவந்தாலே போதும் என்று சொல்லிவிட்டு, மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் அதை மெல்லத் தளர்த்தினார். குவார்ட்டர்ஸிலிருந்து டாக்டர் வந்ததும் 10 குப்பி விஷமுறிவு மருந்தை சலைனில் கலந்து ஏற்றினார்கள். ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரினலின் ஊசியும் பக்கத்திலேயே தயாராக இருந்தது. அப்புறம் 108ல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் அங்கே இருந்தார், எங்கள் கையிலிருந்து மருந்துக்கு ஒரு ரூபாய் போகவில்லை. இப்போது அப்பா பழையபடி கழனிக்குப் போகிறார்.

இந்த மருந்தைச் செய்யத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பங்கு, 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது அந்தச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. எங்கள் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். பகலில் போனால் சீட்டு வாங்கவே அரைமணி நேரம் ஆகும். லேப் டெக்னீஷியன் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், அதனால் எங்கள் அம்மா சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு போய்த் திரும்பி வந்த நாளும் உண்டு. பெண்கள் கழிப்பறை பாதி நாள் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். பிரசவத்துக்கு வருகிற பெண்கள் இருக்கிற இடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. என்னைக் கேட்டால் முதலில் தீர்க்க வேண்டியது ராத்திரி டூட்டிதான். அப்பாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் இடுப்பு வலியோடு வந்தார், அந்த ஒரே நர்ஸ்தான் இரண்டு பக்கமும் ஓடினார். இன்னொரு ஆள் கட்டாயம் போட வேண்டும், கிராம சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ராத்திரியில் வருகிறவர்களுக்கு ஒன்று: முன்பக்க கேட் பூட்டியிருக்கும், பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். இடது பக்கம் புளியமரத்தை ஒட்டி பிரசவ வார்டு கதவு இருக்கிறது, அங்கே பெல் அடியுங்கள்.