எக்ஸ்டி90-எஸ் ஆன்டி-ஸ்பார்க் கனெக்டர்: 6எஸ் ஓட்டுறவங்க கண்டிப்பா போட வேண்டியது

6எஸ் லைப்போ, அதாவது ஆறு செல் வரிசையா இருக்கிற லித்தியம் பாலிமர் பேட்டரி, போட்டு ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) வண்டி ஓட்டுறவங்களுக்கு அந்த சத்தம் நல்லா தெரியும், பேட்டரி மாட்டுற நொடியில பட்டுனு ஒரு நீல வெளிச்சம் வரும், கை தானா பின்னாடி போயிரும். அத தடுக்குறதுக்குன்னே ஆமாஸ் கம்பெனி போடுற எக்ஸ்டி90-எஸ் கனெக்டர என்னோட 1/8 அளவு ஆர்சி ட்ரக்லயும் ஆர்சி படகுலயும் மாட்டி ஓட்டிட்டு இருக்கேன். ரொம்ப திருப்தி. 4எஸ்சுக்கு மேல ஓட்டுற யாரும் தயங்காம வாங்கலாம்.

ஸ்பார்க் ஏன் வருதுன்னு பலர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. பேட்டரி கெட்டுப்போச்சு, எங்கயோ ஷார்ட் ஆகுதுன்னு பயப்படுறாங்க, அப்படி எதுவும் இல்ல. மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற இஎஸ்சி வாசல்லயே, மின்சாரத்த தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர்கள் நிக்குது பாருங்க, அது காலியா இருக்கும்போது பேட்டரிய வச்சா ஒரே மடக்குல நிரம்பப் பாக்கும், நடுவுல தடுக்க ஒயரோட துளி ரெசிஸ்டன்ஸ தவிர வேற ஒண்ணும் கிடையாது, அதனால கண்ணிமைக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்கான ஆம்ப் பாயலாம். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மாட்டினா வராதேன்னு கேப்பீங்க. பெரும்பாலான இஎஸ்சில அந்த குட்டி சுவிட்ச் உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ மட்டும்தான் நிறுத்துது, கெப்பாசிட்டர் நேரா பேட்டரி ஒயர்லயே உக்காந்திருக்கு, அதனால சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஸ்பார்க் வரத்தான் செய்யும். கெப்பாசிட்டர்ல ஏறுற எனர்ஜி வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், அதாவது 3எஸ்ல இருந்து 6எஸ் போனா நாலு மடங்கு. சின்ன வண்டி ஓட்டுறவங்களுக்கு இது பெருசா படாம இருக்கிறதும் அதனாலதான்.

சத்தம் போனா போகுது, கனெக்டர் போறதுதான் வலி. கொஞ்ச நாள் ஓடின சாதா கனெக்டர வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, முனையில தங்க முலாம் போயி கருப்பா, ஊசியால குத்தின மாதிரி குட்டிக் குட்டிக் குழியா இருக்கும். அந்த சொரசொரப்பு வந்துட்டா தொடுற இடம் குறையும், ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஃபுல் த்ராட்டில்ல அங்கயே சூடாகும். ஒயர் நீளமா இருந்தா இன்னொரு தொல்லையும் உண்டு, மாட்டுற நேரத்துல வோல்டேஜ் ஒரு நொடி பேட்டரி அளவையும் தாண்டி எகிறும், இஎஸ்சி தாங்குற எல்லைக்குப் பக்கத்துல ஓட்டுறவங்களுக்கு இது ஆபத்து.

எக்ஸ்டி90-எஸ் உள்ள 5.6 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு வச்சிருக்காங்க. பின் உள்ள போகும்போது முதல்ல அந்த ரெசிஸ்டர் வழியாத்தான் தொடும், கெப்பாசிட்டர் நிதானமா நிரம்பும், மீதியையும் அழுத்தினா நேரடி காண்டாக்ட். ஃபுல் சார்ஜ் 6எஸ் 25.2 வோல்ட், 5.6 ஆல வகுத்தா உச்சமே 4.5 ஆம்ப்தான். 2000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்னா கிட்டத்தட்ட 50, 60 மில்லிசெகண்ட்ல நிரம்பிடும், அதனால ஒரே குத்தா குத்தாம பாதியில லேசா ஒரு தயக்கம் காட்டி அழுத்துங்க, போதும். பாதியிலயே விட்டுட்டு ஸ்டேண்ட தேடப் போகக்கூடாது. அந்த நிலையில சுவிட்ச போட்டு த்ராட்டில் குடுத்தா மொத்த கரண்டும் அந்தக் குட்டி ரெசிஸ்டர் வழியா போயி கருகிடும். சுவிட்ச் ஆஃப்ல வச்சே மாட்டுங்க.

குறை இல்லாம இல்ல. ரெசிஸ்டர் இருக்கிறது பேட்டரி பக்கம் வர்ற பாதியில, அதனால எத்தனை பேக் வச்சிருக்கீங்களோ அத்தனைக்கும் அந்தப் பாதிய மாத்தணும். வண்டிப் பக்கம், சார்ஜர் பக்கம் சாதா எக்ஸ்டி90 இருந்தா அப்படியே விடலாம், நல்லாவே பொருந்தும். புதுசுல ரொம்ப டைட், ஒயர புடிச்சு இழுக்காதீங்க, உடம்ப புடிச்சு லேசா ஆட்டி எடுங்க. சால்டரிங்கும் பொறுமை கேக்கும், மெல்லிசான அயர்ன் வச்சு நேரம் எடுத்துக்கிட்டா பிளாஸ்டிக் இளகி பின் சாஞ்சிரும், நல்ல வாட்டேஜ் அயர்ன், எதிர்ப் பாதிய மாட்டி வச்சுக்கிட்டு சட்டுனு முடிச்சிரணும். பேட்டரியோட ரெண்டு ஒயரையும் ஒரே நேரத்துல உரிச்சு வைக்கவே கூடாது, ஒண்ண முடிச்சு ஸ்லீவ் போட்டப்புறம்தான் அடுத்தது. பிளஸ் மைனஸ் மாத்தி சால்டர் பண்ணிட்டா இந்த ரெசிஸ்டர் இஎஸ்சிய காப்பாத்தாது, ரெண்டு தடவ பாத்துக்கோங்க.

தனியா ஒரு ரெசிஸ்டர் ஒயர் செஞ்சு மொதல்ல அத தொட்டுட்டு அப்புறம் மெயின் பிளக்க மாட்டுறவங்களும் இருக்காங்க. வேலை செய்யும், ஆனா அவசரத்துல அத எடுக்கவே மறந்துருவோம், கனெக்டர் உள்ளயே இருந்தா மறக்குற பேச்சே இல்ல. 12எஸ் மாதிரி பெரிய செட்டப்னா அதே கம்பெனியோட 7 மில்லிமீட்டர் ஏஎஸ்150 பாருங்க, அதுலயும் ஆன்டி-ஸ்பார்க் இருக்கு.

பேர மட்டும் போட்டு விக்கிற போலியும் சுத்துது, அதனால சால்டர் பண்றதுக்கு முன்னாடியே மீட்டர்ல ஓம் வச்சு பச்சை அடையாளம் இருக்கிற, அதாவது ரெசிஸ்டர் இருக்கிற பாதியில முனைக்கும் பின்னாடி ஒயர் சால்டர் பண்ற கப்புக்கும் நடுவுல பாருங்க, 5.6 பக்கத்துல காட்டணும். நல்லா ஓடிட்டு இருந்தது திடீர்னு மறுபடியும் பட்டுனு அடிக்க ஆரம்பிச்சா உள்ள ரெசிஸ்டர் போயிருச்சுன்னு அர்த்தம், வண்டி என்னமோ வழக்கம்போல ஓடும், ஆனா அந்தப் பாதிய மாத்திருங்க.