எடைக்குறைப்பு அறுவையும் பித்தப்பையும்: கூடவே எடுப்பதா, விட்டுவைப்பதா?

குன்னூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ கோவைக்கு இறங்கி எடைக்குறைப்புக்காக ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, குழாய்போல் சுருக்குவது), பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்புவது) செய்துகொள்பவர்கள் பித்தப்பையைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுத்துவிட வேண்டும். எடை சரசரவென்று குறையும்போது உடல் கொழுப்பிலிருந்த கொலஸ்ட்ரால் பித்தத்தில் வந்து சேர்கிறது. சாப்பாடு குறைவதால் பையும் சரியாகச் சுருங்குவதில்லை. தேங்கிய பித்தத்தில் கல் கட்டுகிறது. முதல் ஆறு மாதத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஸ்கேனில் கல் தெரிந்து, வலியும் வந்திருந்தால் அதே மயக்கத்தில் பையை எடுத்துவிடலாம். கூடுதலாக அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கொழுப்பேறிப் பருத்த கல்லீரல்தான் தொல்லை: பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தை மறைத்துவிடும். அதற்காகத்தான் இரண்டு வாரம் முன்பிருந்தே குறைந்த கலோரி உணவு. அப்படியும் நாளம் தெளிவாகத் தெரியவில்லையென்றால், அன்றைக்குப் பையைத் தொடாமல் எடை இறங்கியபின் எடுப்பதே பாதுகாப்பு. நாளத்தில் காயம் பட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

கல் உண்டு, வலி இல்லை என்றால்தான் இழுபறி. ஸ்லீவ் என்றால் காத்திருக்கலாம். பின்னாளில் கல் நாளத்துக்குள் நழுவினாலும் வாய்வழியே எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய வளையும் குழாய்) விட்டு எடுத்துவிடலாம். பைபாஸில் உணவுப்பாதையைத் திருப்பிவிடுவதால் அந்த வழி மாறிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட இரைப்பையில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளை வழியே செய்யும் அறுவை) மூலம் துளையிட்டு ஸ்கோப்பை இறக்க வேண்டிவரும். அதைப் பெரிய மையங்களில்தான் செய்வார்கள். அவசரத்தில் மலையிலிருந்து அங்கே இறங்க முடியாமலும் போகலாம்: 2009 நவம்பரில் நிலச்சரிவு மேட்டுப்பாளையம் சாலையைத் துண்டித்தது மலைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் மலையில் வசிக்கும் பைபாஸ் நோயாளிக்குக் கூடவே எடுப்பதன் பக்கமே நாங்கள் சாய்வோம்.

கல்லே இல்லையா? பையை விட்டுவிடுங்கள். கல் கட்டாமல் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை 300 மி.கி., காலை மாலை உணவோடு, ஆறு மாதம். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பைபாஸுக்குப்பின் தினம் 600 மி.கி. எடுத்தவர்களில் 2 சதவீதத்தினருக்கே கல் வந்தது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். வயிற்றுப்போக்கு வந்தால் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் வலது விலாவுக்கடியில் பிடித்து, தோள்பட்டைவரை ஏறி, அரைமணிக்கு மேல் விடாத வலியை வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துச் சமாளிக்கக் கூடாது. காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் உடனே 108. டிஸ்சார்ஜ் சம்மரி கையிலிருக்கட்டும்: எந்த வகை பைபாஸ் என்பதை அதில் பார்த்துத்தான் மருத்துவர் வழியை முடிவுசெய்வார்.