குளிருக்கு ஹீட்டர் வாங்கி 2,499 ரூபாயைத் தொலைச்சேன். நீங்களாவது உஷாரா இருங்க

இன்னைக்குக் காலையில ஆறரை மணிக்கு ஒரு மெசேஜ். "பொங்கல் தமாக்கா! வீட்டுக்குள்ள குளிரா? மினி ஹீட்டர் இப்போ 1,499 மட்டுமே." எந்த நம்பர் நாலு நாளா என் போனை எடுக்கலையோ, எந்த நம்பர் என் மெசேஜைப் பார்த்துட்டு ரெண்டு நீல டிக்கோட கம்முனு இருக்கோ, அதே நம்பர். அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன். எப்படி ஏமாந்தேன்னு முதல்ல சொல்லிடுறேன். வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

சென்னையில எதுக்குடி ஹீட்டர்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, எங்க அண்ணனே சிரிச்சாரு. இங்க ராத்திரி இருபது டிகிரிக்குக் கீழ இறங்கினாலே அது நியூஸ். டெல்லிக்காரங்க அந்தக் குளிர்ல ஃபேன் போட்டுட்டுத் தூங்குவாங்க. ஆனா எங்க வீடு கொளத்தூர்ல கிரவுண்ட் ஃப்ளோர். ஐப்பசி, கார்த்திகை மழையில குடிச்ச தண்ணியைச் சுவரு தை மாசம் வரைக்கும் விட்டுக்கிட்டே இருக்கும். பீரோவுக்குப் பின்னாடி கை வெச்சா ஈரமா ஒட்டும். தரை மொசைக். எங்க அத்தைக்கு 74 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். மார்கழின்னா நாலரைக்கு எழுந்து கோலம் போட்டே ஆகணும், நான் போடுறேன்னு சொன்னா "உன் கோலத்தை மாடு கூட மிதிக்காது"ன்னு ஒரு பேச்சு வேற. கட்டில்ல இருந்து காலைத் தரையில வைக்கும்போது "அம்மாடீ"ன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துலதான் நான் முழிப்பேன்.

இந்த நேரத்துலதான் அந்த விளம்பரம். ரீல்ஸ் பார்க்கிற ஆப்புல, ஒரு கோலம் வீடியோவுக்கும் ஒரு குழம்பு வீடியோவுக்கும் நடுவுல வந்துச்சு. ஒரு பாட்டி போர்வையைப் போர்த்திட்டு நடுங்குறாங்க. பேத்தி வந்து சுவர்ல இருக்கிற பிளக்ல ஒரு வெள்ளை டப்பாவைச் செருகுறா. மூணே நிமிஷத்துல பாட்டி போர்வையைத் தூக்கிப் போட்டுட்டுச் சிரிக்கிறாங்க. "ஜெர்மன் டெக்னாலஜி. மாசம் 30 ரூபாய்தான் கரண்ட்." எல்லாம் சுத்தமான தமிழ்ல.

எனக்கும் சந்தேகம் வந்துச்சு, வராம இல்லை. ஆனா அந்த சைட்ல பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற வசதி இருந்துச்சு. ஏமாத்துறவன் அப்படிக் கொடுப்பானான்னு நினைச்சேன். இங்கதான் வழுக்குனேன், கவனமாப் படிங்க. அந்த வழியில விலை 2,799. ஆர்டர் போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. "அக்கா, அட்ரஸ் கன்ஃபர்ம் பண்ணத்தான் கூப்பிட்டேன். யாருக்குக்கா, வீட்ல பெரியவங்களுக்கா?" நான் அத்தை முட்டியைப் பத்திச் சொன்னேன். "ஐயோ அக்கா, எங்க பாட்டிக்கும் இதே பிரச்சினைதான், திண்டிவனத்துல இருக்காங்க, போன மாசம்தான் ஒண்ணு அனுப்பினேன், இப்ப கோயிலுக்கு நடந்தே போறாங்க"ன்னுச்சு. பத்து நிமிஷம் பேசியிருப்போம். கஷாயத்துக்குச் சித்தரத்தை தட்டிப் போடச் சொல்லிக் கூடச் சொல்லிச்சு. கடைசியில போகிற போக்குல, "இப்பவே யூபிஐல போட்டா 300 ரூபாய் குறையும்கா, உங்களுக்கு மிச்சம்தானே, நான் லிங்க் அனுப்புறேன்."

போட்டுட்டேன். 2,499.

எங்க வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன். சாதா பிளவுஸுக்குக் கூலி 150 ரூபாய். 2,499 ரூபாய்னா பதினேழு பிளவுஸ். அந்தப் பொண்ணு பேசின பத்து நிமிஷத்துல பதினேழு பிளவுஸ் போச்சு.

ஜனவரி 2ஆம் தேதி பார்சல் வந்துச்சு. வீடியோவுல தேங்கா சைஸ்ல காட்டினது, கையில எலுமிச்சம்பழத்துக்கு ரெண்டு சைஸ் பெரிசு. முன்னாடி சின்ன டிஸ்ப்ளே, போட்ட உடனே 32ன்னு காட்டிச்சு. அத்தை சந்தோஷமா "32 டிகிரி ஆயிடுச்சா?"ன்னாங்க. அது ரூம் சூடு இல்லை, நாம செட் பண்ற நம்பர். காலையில எழுந்து பார்த்தாலும் 32தான், ரூம் அதே குளிர்தான். மூஞ்சியைப் பக்கத்துல கொண்டு போனா, யாரோ ஊதுற மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அவ்வளவே.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். டப்பாவைத் திருப்பிப் பார்த்துட்டு, "மா, இதுல 400 வாட்னு போட்டிருக்கு, உன் அயர்ன் பாக்ஸ் எவ்வளவு?"ன்னான். பார்த்தா 750. இருபது வருஷமா அந்தப் பெட்டியில துணி தேய்க்கிறேன், ஒரு நாளாவது அதால ரூம் சூடாச்சா? அதுல பாதி வாட் இருக்கிற டப்பா பத்துக்குப் பத்து ரூமைச் சூடாக்கும்னு நம்பியிருக்கேன், என்னை என்ன சொல்ல. ஜெர்மனோ ஜப்பானோ, இந்த மாதிரிக் கம்பி ஹீட்டர் எல்லாமே இழுக்குற கரண்ட்டுக்குத் தக்க சூடுதான் தரும், அதுக்கு மேல ஒரு துளி வராது. கரண்ட் கணக்கையும் அவனே போட்டான். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா 3.2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 192 யூனிட். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஃப்ரீயே 100 யூனிட்தான். மாசம் 30 ரூபாயாம்!

மறுநாளே அந்தப் பொண்ணுக்கு போன் போட்டேன். எடுத்துச்சு, எடுக்காம இல்லை. "அக்கா, புது காயில் இல்லையா, நாலஞ்சு நாள் விடாம ஓட்டுங்க, செட் ஆயிடும்." சரின்னு ஓட்டினேன். அந்த நாலஞ்சு நாள் எதுக்குன்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

8ஆம் தேதி ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அத்தை என்னை எழுப்புறாங்க. "ஏம்மா, எவனோ டயரை எரிக்கிறான் பாரு. போகிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டானுங்களா?" எனக்கும் நாத்தம் அடிச்சுது. ஜன்னலைத் திறந்தா வெளிய சுத்தமான காத்து. திரும்பிப் பார்த்தா அத்தை தலைமாட்டுல சுவிட்ச் போர்டு. அந்த வெள்ளை டப்பா முன்பக்கமா சாய்ஞ்சு தொங்குது, பிளக் இருக்கிற இடம் பழுப்பாகி உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கிச்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரூ டிரைவரால நெம்பித்தான் வீட்டுக்காரர் எடுத்தார். அத்தை தலையணைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்லை. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

காலையில தெரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தாரு. "அக்கா, இதுக்கு ஒயரே இல்லை, மொத்த வெயிட்டும் பிளக்லயே தொங்குது. தொங்கத் தொங்க பின்னு லூஸ் ஆகும், லூஸ் கான்டாக்ட்ல சூடாகி உருகும். எர்த் பின்னும் கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை எங்க இருக்கு காட்டுங்க"ன்னாரு. எங்க இருக்கு? ரூம் ஹீட்டருக்கு அந்த முத்திரை கட்டாயமாம், எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். போர்டை மாத்த அவருக்கு 350. அதைக் கணக்குல சேர்க்காமலே சொல்றேன், 2,499 ரூபாய்.

9ஆம் தேதி கம்ப்ளைன்ட் பண்ணினேன். முதல்ல வாட்ஸ்அப்ல "உங்கள் டிக்கெட் பதிவாகிவிட்டது". அப்புறம் ஒரு பையன், பெட்டி பிரிச்ச வீடியோ இருக்கான்னு கேட்டான். நான் தையல்காரி, கல்யாணம் வளைகாப்புக்கே வீடியோ எடுக்கலை, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்கவா எடுப்பேன்? உருகின பிளக் போட்டோ அனுப்பினேன். "யூஸ் பண்ணின பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." நீங்கதானே நாலஞ்சு நாள் ஓட்டச் சொன்னீங்கன்னா, "அப்படி எங்க டீம்ல யாரும் சொல்ல மாட்டாங்க." சரி, ரிட்டர்ன் எடுத்துக்கோங்கன்னா, "ஏழு நாள் முடிஞ்சிருச்சு மேடம்." 2ஆம் தேதிக்கு 9ஆம் தேதி ஏழாவது நாள்தானேப்பான்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவங்க கணக்கு குடோன்ல இருந்து கிளம்பின நாள்லேர்ந்தாம்! கடைசியா பெரிய மனசு பண்ணி 500 ரூபாய் கூப்பன் தர்றாங்களாம், அடுத்த ஆர்டருக்கு. திண்டிவனம் பாட்டி பேத்தியோ, என் நம்பரையே பிளாக் பண்ணிடுச்சு.

ஆத்திரத்துல கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடினேன். கிடைச்சுது. ரொம்ப மரியாதையாப் பேசினான், "முழு 2,499 ரூபாயும் இப்பவே அனுப்புறேன், ஒரு ஆப் இறக்குங்க, உங்க ஸ்கிரீன் எனக்குத் தெரியணும், யூபிஐ பின் மட்டும் போடுங்க"ன்னான். ஆப்பை இறக்கவே ஆரம்பிச்சுட்டேன். பையன்தான் போனைப் பிடுங்கி கட் பண்ணினான். காசு வாங்குறதுக்குப் பின் நம்பர் எதுக்குமான்னு கத்தினான். பெத்த பிள்ளைகிட்ட திட்டு வாங்கினதுல அன்னைக்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. பேங்க்ல இருந்த மிச்சம் தப்பிச்சுது.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணி நம்பர் வாங்கியிருக்கேன். அவங்க கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பாங்க, தீர்ப்பு சொல்ற இடம் அது இல்லை. தரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாதுன்னாங்க. ஆனா யார் மேல போடுறது? அந்த சைட்ல கம்பெனி முகவரியும் இல்லை, குறைதீர்க்கும் அதிகாரி பேரும் இல்லை. ஆன்லைன்ல விக்கிறவங்க ரெண்டையும் போட்டே ஆகணும்னு 2020லயே விதி வந்தாச்சாம். இதை நான் முன்னாடியே பார்த்திருக்கணும்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், பொங்கல் பிளவுஸ் இன்னும் நாலு பாக்கி இருக்கு, மெஷின் கூப்பிடுது. சுருக்கமாச் சொல்லிடுறேன். சைட்ல முகவரி இல்லைன்னா வாங்காதீங்க. காசு முன்னாடி போட்டா குறையும்னா அந்த நிமிஷமே போனை வெச்சுடுங்க. வாட் எவ்வளவு, ஐஎஸ்ஐ இருக்கா பாருங்க, சுவர்ல தொங்குற ஹீட்டரைத் தொடவே தொடாதீங்க. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. காசு மோசடியா போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, என்னை மாதிரி நாள் கடத்தாதீங்க. ஹீட்டர் இல்லைன்னு மூடின ரூம்ல கரி அடுப்பு மட்டும் வெச்சுடாதீங்க, அந்தப் புகை ஆளையே கொன்னுடும்.

அத்தைக்கு இப்போ கட்டில் பக்கத்துல கோரைப்பாய், அதுக்கு மேல பழைய ஜமுக்காளத்தை நாலா மடிச்சுப் போட்டிருக்கேன், காலை வெச்சதும் ஜில்லுனு இல்லையாம். காலுக்கு சாக்ஸ், தலைக்கு மங்கி கேப், படுக்குறதுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்ல வாங்கின ரப்பர் வெந்நீர் பை, துண்டு சுத்தி முட்டிக்கு. பை 280 ரூபாய், மத்ததெல்லாம் வீட்ல இருந்ததுதான்.

நாளைக்குப் போகி. அந்த டப்பாவையும் தூக்கி எரிச்சுடுன்னு அத்தை சொல்றாங்க. எரிக்க மாட்டேன். பில்லோட பீரோ மேல வெச்சிருக்கேன்.